மாமாவை எத்தனை மணிக்கு எடுப்பது?

1

போன ஞாயிற்றுக்கிழமை, நெதர்லாந்தில் நாங்கள் வசிக்கும் ஐந்தோவன் நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மதியச் சாப்பாட்டில், திருவள்ளூர்க்காரப் பெண்மணி ஒருவர் என்னருகே வந்து உட்கார்ந்தார். வருகிற தையில் அவர் மகளுக்கு ஊரில் கல்யாணம்.

"உங்க யாழினி கல்யாணத்துக்கு நிமிஷக் கணக்குல ஒரு டைம்லைன் போட்டீங்களாமே, போட்டோக்காரருக்காக? அதை அப்படியே அனுப்புங்களேன். பேரை மட்டும் மாத்திக்கிறோம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் பதினொரு பதிப்புகள் கிடக்கின்றன. முதலாவதில் மணப்பெண்ணின் செருப்பைப் படம் எடுக்க மட்டும் ஏழு நிமிடம் ஒதுக்கியிருக்கிறது. கடைசியில் பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அந்த வெறுமை எப்படி வந்தது என்று சொல்லாமல் அனுப்பினால் யாரோ சோம்பேறித்தனமாகப் போட்ட பட்டியல் என்றுதான் அவர் நினைப்பார். அதனால் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்களும் படிக்கலாம். தொலைவில் இருக்கும் எங்களிடம் எதையெல்லாம் சொல்வதில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

2

நான் திருத்தணிக்காரி. நெதர்லாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. இந்த நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'அஃப்ஸ்ப்ராக்'. முன்கூட்டியே பேசிக் குறித்துவைத்த சந்திப்பு என்று பொருள். மருத்துவரைப் பார்க்கவும் அது வேண்டும், பக்கத்து வீட்டில் காபி குடிக்கவும் அது வேண்டும். யாழினி மூன்று வயதில் இங்கே வந்தவள். அவள் முதல் வகுப்பு படிக்கும்போது வந்த ஒரு பிறந்தநாள் அழைப்பில் "இரண்டு மணி முதல் நான்கு மணி வரை" என்று போட்டிருந்தது. நான்காக ஐந்து நிமிடம் இருக்கும்போதே எல்லாப் பெற்றோரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நான் நாலரைக்குப் போனேன். என் பெண் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா உனக்கு மணி பார்க்கத் தெரியாதா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குத்தான் போன தையில் கல்யாணம். மாப்பிள்ளை கார்த்திக் கனகம்மாசத்திரத்து விவசாயக் குடும்பத்துப் பையன். இங்கே படிக்க வந்த இடத்தில் இருவரும் பழகினார்கள். இரண்டு வீட்டுக்கும் பக்கத்துப் பக்க ஊர் என்பதால், கல்யாணத்தைத் திருத்தணியில் மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் வைத்தோம். திங்கட்கிழமை. முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை.

யாழினி டைம்லைன் போட உட்கார்ந்தாள். 4:15க்கு மேக்கப். 5:10க்கு நகை, புடவை, பத்திரிகை இவற்றைத் தனித்தனியாகப் படம் எடுப்பது. 5:17க்குச் செருப்பு. சாயங்காலம் 5:20க்கு மலையடிவாரக் குளத்தங்கரையில் அவளும் கார்த்திக்கும் மட்டும், பொன் வெளிச்சத்தில். நிறங்கள் வேறு. மஞ்சள் கட்டம் என்றால் ஸ்டில், பச்சை என்றால் வீடியோ.

திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் முரளி என்பவரைப் பேசி வைத்திருந்தோம். வீடியோ அழைப்பில் யாழினி வாசிக்க வாசிக்க அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

"நல்லா போட்டிருக்கீங்க சிஸ்டர். ஆனா ஒண்ணு. தாலி கட்டுன உடனே கூட்டம் மேடைக்கு ஏறிடும். அதுக்கப்புறம் நீங்க என் கையில இல்ல. சாப்பாட்டு நேரம் வரைக்கும் வர்றவங்களுக்குக் கும்பிடு போட்டுகினே நிப்பீங்க. குடும்ப போட்டோவெல்லாம் தாலிக்கு முன்னாடியே முடிச்சாகணும்."

"இருட்டா இருக்குமே?"

"லைட்டு நான் கொண்டாறேன். மண்டபத்துக்காரன் ஊதா லைட்டு போடுவான், மூஞ்சியெல்லாம் கத்திரிக்கா கலர்ல வரும். அதை மட்டும் அணைக்கச் சொல்லிடுங்க. அப்புறம், யார் யாரு யார் கூட நிக்கணும்னு ஒரு லிஸ்ட்டு. பேரு, பக்கத்துல நேரம். முக்கியமானவங்க முதல்ல."

முக்கியமானவர் யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மணப்பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வருகிற தாய்மாமன். என் அண்ணன் தாமோதரன்.

3

அண்ணன் ரயில்வேயில் இருந்தவன். அரக்கோணத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தே வாழ்க்கையைக் கழித்தான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "போரடிச்சிடுச்சி" என்றான். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு அவன் வீடியோவில் வருவதும் குறைந்தது. "நெட்டு சரியில்ல, குரல்லயே பேசு" என்பான். அதையும் நம்பினேன்.

அந்த ஞாயிறு மதியம் யாழினியும் நானும் அழைத்தபோது அண்ணி விஜயாதான் எடுத்தாள். அண்ணன் உள்ளே படுத்திருப்பதாகச் சொன்னாள். யாழினி மடிக்கணினியைப் பார்த்தபடி தன் தமிழில் ஆரம்பித்தாள். அவள் தமிழ் நன்றாகவே இருக்கும். ஆனால் டச்சு மொழியில் யோசித்துவிட்டுத் தமிழில் சொல்லும்போது நடுவில் ஒரு சொல் விழுந்துவிடும்.

"அத்தை, மாமாவ முதல்ல எடுத்துடலாம். அஞ்சரைக்கு. மாமாவ எடுத்த பிறகுதான் மத்தவங்க வரணும். சொல்லுங்க, மாமாவ எத்தனை மணிக்கு எடுக்கிறது?"

ஊரில் அந்தக் கேள்வியை ஒரே இடத்தில்தான் கேட்போம். சாவு வீட்டு வாசலில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "போட்டோ எடுக்கிறதுன்னு சொல்லுடி" என்றேன். திரையைப் பார்த்தால் அண்ணி சிரிக்கவில்லை. அவள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு திரையில் மின்விசிறி தெரிந்தது, சுவர் தெரிந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

"நான் என்னம்மா தப்பா சொன்னேன்?" என்று யாழினி கேட்டாள். விளக்கிச் சொன்னேன். அவள் வெளுத்துப்போனாள்.

4

பத்து நிமிடம் கழித்து அண்ணி மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டாள். கீழே தெருவில் பஸ் ஹாரன் கேட்டது.

"சுமதி, சொல்லக் கூடாதுன்னு உங்கண்ணன் சத்தியம் வாங்கிக்கினாரும்மா. இனிமே என்னால முடியாது. எட்டு மாசமா அரக்கோணத்துக்கு டயாலிசிஸ் போய்கினு இருக்காரு. செவ்வாய், வியாழன், சனி. ரெண்டு கிட்னியும் போயிடுச்சி. அந்தப் பொண்ணு அப்படிக் கேட்டதும் எனக்குச் சாவு வீடுதான் கண்ணுல தெரிஞ்சிது."

எங்கள் அப்பா, நைனா, போனபோதும் இப்படித்தான். "லேசா முடியல" என்றார்கள். நான் விமானம் ஏறும்போதே எல்லாம் முடிந்திருந்தது. இறங்கியபின்தான் சொன்னார்கள். வழியில் நான் தனியாக அழக் கூடாது என்பதற்காக மறைத்தார்களாம். அன்றைக்கு நான் அண்ணனிடம் கத்தினேன், இனிமேல் எதையும் என்னிடம் மறைக்கக் கூடாது என்று. அவன் சரி என்று தலையாட்டியிருந்தான்.

உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"யாரு சொன்னது? விஜயாவா?" என்றான்.

"ஏண்ணா மறைச்ச?"

"சொன்னா இன்னா பண்ணுவ? லீவு போட்டுகினு ஓடியாருவ. ரெண்டு வாரம் அழுவ. நீ போனதும் விஜயாவ நான் தேத்தணும். எனக்கு ரெண்டு வேலை."

"கல்யாணத் தேதியை மாத்திடலாம்."

"மாத்துனா நான் வரவே மாட்டேன். நல்லா கேட்டுக்கோ." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "சடங்கு அத்தனையும் செய்யறேன். பொண்ணு கையப் புடிச்சி மேடைக்குக் கூட்டிகினு வரேன். போட்டோ மட்டும் வேணாம். மூஞ்சி கருத்து ஊதிக் கெடக்குது. காலத்துக்கும் இருக்கப்போற ஆல்பம், அதுல எதுக்கு இது? லிஸ்ட்டுலேர்ந்து என்னை எடுத்துடச் சொல்லு."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். "சரி, வெச்சிடறேன்" என்று அவசரமாகப் போனை வைத்தான்.

யாழினி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் அழவில்லை. எத்தனை மணி நேரம் ஆகும், எந்தெந்த நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரியாததை அத்தையிடமே கேட்டாள். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான், ஞாயிறு மையம் விடுமுறை, ஆகவே திங்கள் காலை என்பது மாமாவின் உடம்பில் தண்ணீர் சேர்ந்திருக்கும் நேரம், மூச்சு வாங்கும், கால் வீங்கும் என்று அவளே கண்டுபிடித்தாள். டைம்லைனின் இடது ஓரத்தில் 'மாமா' என்று ஒரு புதுப் பத்தி முளைத்தது. அது நாலாவது பதிப்பு.

எனக்குக் கோபமாகத்தான் வந்தது. ஒரு மனிதனின் மூச்சுத்திணறலை இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறாளே என்று. இப்போது யோசித்தால், அவளுக்குத் தெரிந்த மொழியில் அவள் அழுதாள் என்றுதான் தோன்றுகிறது.

5

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணனைப் பார்த்ததும் அழக் கூடாது என்று விமானத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். அழவில்லை. அவன் பாதி ஆளாகியிருந்தான். முகம் மட்டும் பெரிதாக இருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னா பாவா, பெரிய மாமனார் ஆகப் போறீங்க!" என்று கையைக் குலுக்கினான். அந்தக் கை சில்லென்றிருந்ததாக அவர் பிற்பாடு சொன்னார்.

வியாழக்கிழமை நான்தான் அவனோடு அரக்கோணம் போனேன். காரில் போகலாம் என்றேன். "டிரெயின் இருக்கும்போது எதுக்குக் காரு?" என்றான். ரயிலில் ஏறியதும் இரண்டு பேர் எழுந்து, "மாஸ்டர், உக்காருங்க" என்று இடம் கொடுத்தார்கள். ரயிலில் போகிறவர்களுக்கெல்லாம் இத்தனை மாதமாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மையத்தில் வரிசையாகப் படுக்கைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். இடது முன்கையில் இரண்டு பெரிய ஊசிகள் ஏற்றினார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் இரத்தம் குழாயில் வெளியே வந்து, சுற்றிவிட்டு, மறுபடியும் அவனுக்குள் போனது. நாலு மணி நேரம்.

அப்போது ஒன்று உறைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் அண்ணனோடு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் மூன்று வார விடுப்பு. அதில் தாலுகா ஆபீஸ், பல் டாக்டர், துணிக்கடை, கோயில். அண்ணன் வீட்டுக்கு ஒரு நாள், அதிலும் மதியச் சாப்பாடு. அஃப்ஸ்ப்ராக் இல்லாத ஊரிலேயே நான் அஃப்ஸ்ப்ராக் வைத்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறேன்.

"அந்த டைம்டேபிளை எடு, பாக்கலாம்" என்றான்.

அச்செடுத்து வைத்திருந்த தாள்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தான். படிக்கப் படிக்க அவன் முகத்தில் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாது இது? வண்டிக்குப் பின்னால வண்டிய விட்டுகினே இருக்கா? நடுவுல மார்ஜின் எங்க?"

"மார்ஜின்னா?"

"காலி நேரம்மா. ஒரு வண்டி லேட்டானா பின்னால வர்றது நிக்கறதுக்கு இடம் வேணும். இல்லன்னா லைன் மொத்தமும் நின்னுடும். இங்க பாரு, அஞ்சு பத்துக்கு நகை, அஞ்சு பதினேழுக்குச் செருப்பு, அஞ்சு இருபத்துநாலுக்கு ஃப்ரெண்ட்ஸ். மேக்கப் போடற பொண்ணு எங்கேர்ந்து வருது?"

"சென்னையிலேர்ந்து. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பி..."

"அவ்ளோதான். காலி. ஞாயித்துக்கெழம சாயங்காலமே வந்து தங்கச் சொல்லு. அப்பவும் அரை மணி லேட்டாக்குவா. அதுக்கு இடம் விடு. அப்புறம் அன்னிக்கு முதல் நாள் கிருத்திகை. மலைக்கு வந்த கூட்டம் காலையில இறங்கும். மண்டபத்துத் தெருவுல காரு நுழையாது. மாப்பிள்ளை வீட்டார முன்னாடியே மண்டபத்துல தங்க வெச்சிடு."

வலது கையில் பேனாவை வாங்கி அடிக்க ஆரம்பித்தான். செருப்பு போனது. வாசனைத் திரவியப் புட்டி போனது. மணப்பெண் ஜன்னலோரம் நின்று யோசிப்பதுபோல் எடுக்கும் படம் போனது. "யோசிக்கறதுன்னா நேரம் குறிச்சா யோசிப்பாங்க?" என்றான். அடித்த இடங்களில் வேறு எதையும் எழுதவில்லை. வெறுமையாக விட்டான்.

கடைசியில் 5:30, மாமா, என்ற கட்டத்துக்கு வந்தான். பேனா நின்றது.

"இதையும் அடி."

"நீயே அடி" என்றேன்.

அவன் அடிக்கவில்லை. இயந்திரம் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் அந்த நேரத்தில் அதைச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கருப்பையை எடுத்த கதையை அவனிடம் சொன்னேன். கட்டி என்றார்கள், கெட்ட கட்டியாக இருக்கலாம் என்றார்கள், கெட்டது இல்லை என்று பரிசோதனை முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் ஒவ்வொரு ஞாயிறும் அவனோடு போனில் பேசி, மழையைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் சிரித்திருக்கிறேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"யாரு கூட இருந்தது?"

"அவரு. யாழினி."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"ஆங்... நல்லா கேட்ட" என்று சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணோரம் நனைந்தது. துடைத்துக்கொள்ள இடது கையைத் தூக்கப்போய், ஊசி இருப்பது நினைவுக்கு வந்து, கையைக் கீழே வைத்தான். என் முந்தானையால் நான் துடைத்துவிட்டேன்.

"சரி. ஒண்ணே ஒண்ணு. உக்காந்துகினுதான். நிக்கச் சொல்லக் கூடாது."

6

கல்யாண நாளில் எதுவும் அந்தத் தாளின்படி நடக்கவில்லை.

மேக்கப் பெண் முந்தின நாளே வந்து தங்கியும் நாற்பது நிமிடம் தாமதமாக்கினாள். அண்ணன் விட்டுவைத்த வெறுமைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. குடும்பப் படங்கள் பதினாலு என்று கணக்கு. மூன்றுதான் எடுத்தோம். ஐந்தரைக்கு அண்ணன் பட்டு வேட்டி சட்டையில் வந்து மணப்பெண் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். உள்ளே யாழினிக்கு இன்னும் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி, ஆறரை. மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்து ஓமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அண்ணனின் கட்டம் எப்போதோ தாண்டிப் போய்விட்டது.

ஏழு மணிக்கு ஐயர் குரல் கொடுத்தார். "பொண்ணைக் கூப்பிடுங்க."

அண்ணன் எழுந்து யாழினியின் கையைப் பிடித்தான். மேளம் ஏறியது. அறையிலிருந்து மேடைக்கு மண்டபத்தின் முழு நீளம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் நாற்காலிகள், எல்லார் கையிலும் செல்போன். முரளி முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுத்தார். நான் பின்னால் ஆரத்தித் தட்டோடு வந்தேன்.

பாதி தூரத்தில் அண்ணனின் நடை தளர்ந்தது. முதலில் சம்பிரதாயத்துக்காக மெதுவாகப் போகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் அவன் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அவன் நின்றான். யாழினியின் கையை விட்டுவிட்டு ஓரத்து நாற்காலியில் கைவைத்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்துகொள்ள, அண்ணன் அதில் சரிந்து உட்கார்ந்தான்.

அண்ணி ஓடிவந்தாள். "தாய்மாமன் இடத்துல வேற யாராவது புடிச்சிக் கூட்டிகினு போங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் வேகமாக வாசித்தார்கள். "முகூர்த்தம் ஏழரையோட முடியுதும்மா" என்று மேடையிலிருந்து ஐயர் கூப்பிட்டார்.

என் பெண் மாலையும் நகையுமாக நடுக்கூடத்தில் நின்றாள். மணியைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம், "கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டு, அதில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவசரம் இல்ல மாமா. நேரம் இருக்கு" என்றாள்.

"ஏழரைக்கு..."

"நேரம் இருக்கு மாமா."

முரளி கேமராவைக் கீழே இறக்கியிருந்தார். எடுக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார். அண்ணன்தான் தலையைத் தூக்கினான். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சுக்கு நடுவில், "எடுப்பா. உக்காந்துட்டேன்ல" என்றான்.

யாழினி சிரித்துவிட்டாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். முரளி எடுத்தார்.

அப்படியே நாலு நிமிடமோ ஐந்து நிமிடமோ போனது. மண்டபம் முழுக்க அவர்களுக்காகக் காத்திருந்தது. பிறகு அவன் எழுந்தான். இந்த முறை அவன் கையை அவள் பிடித்திருந்தாள், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாதபடி. ஏழு இருபதுக்கு யாழினி கழுத்தில் தாலி ஏறியது. மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு அண்ணனை உட்கார வைத்திருந்தோம். அவன் பூவையும் அரிசியையும் வீசிய வேகத்தில் பாதி ஐயர் மேல் விழுந்தது.

சாயங்காலம் குளத்தங்கரைப் படத்துக்கு முரளி வந்து கூப்பிட்டார். வெளிச்சம் பிரமாதமாக இருக்கிறது என்றார். யாழினியும் கார்த்திக்கும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாயைப் போட்டு, முகத்தில் மேக்கப்போடு, அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் அண்ணனும் தலையணைகளை உயர்த்திப் போட்டுத் தூங்கினான். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. முரளி டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

7

புதன்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாள் என்பதால், திருமணப் பதிவுக்குப் போனோம். நெதர்லாந்தில் இந்தக் கல்யாணம் செல்ல வேண்டுமென்றால் ஊரில் சான்றிதழ் வாங்கி, அதற்கு மேல் ஒரு முத்திரை வாங்கி, அதை இங்கே மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். முரளி எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. மாலையும் தாலியுமாக இருவரும் தெரிகிற ஒரு படம்.

யாழினியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, பத்திரிகையில் இனிஷியலாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று விளக்கவே வெகுநேரம் ஆயிற்று. எழுத்தர் பொறுமையாகக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணன் வந்து உட்கார்ந்தான்.

"பொண்ணுக்கு என்ன உறவு?"

"தாய்மாமன்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், மேசைமேல் இருந்த படத்தைத் தன் பக்கம் திருப்பினான். தாலி கட்டும் படம்தான். ஆனால் ஓரத்தில், நாற்காலியில், கையை ஓங்கியபடி பாதி முகம் தெரிந்தது. கருத்து, ஊதி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு.

"இது நான்தான் சார்" என்றான் எழுத்தரிடம், யாரும் கேட்காமலே.

8

எல்லோரும் திரும்பிப் போனார்கள். நான் மூன்று வாரம் அதிகம் தங்கினேன். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார்கள். படிவத்தில் "இந்த நாட்களில் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி இருந்தது. டச்சு மொழியில் பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டு, "அண்ணனோடு உட்கார்ந்திருப்பேன்" என்று எழுதினேன். யாரும் திருப்பி எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி என்று ஒன்பது முறை அவனோடு போனேன். சில நாள் பேசினோம். சில நாள் அவன் தூங்க, நான் செய்தித்தாள் படித்தேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறான். வரிசை நீளம். என்னுடையது பொருந்துமா என்று பார்க்கச் சொன்னேன். "உனக்கு ஏற்கெனவே ஒண்ணை எடுத்துட்டாங்க. இருக்கறத வெச்சிக்கோ" என்றான். நான் விடவில்லை. பரிசோதனைகள் நடக்கின்றன. வரும் ஆனியில் அதற்காக மறுபடியும் போகிறேன்.

நான் கிளம்பிய நாள் ஒரு சனிக்கிழமை. விமானம் சென்னையிலிருந்து. பெட்டிகளோடு மையத்துக்கே வந்து, அங்கிருந்தே காரில் கிளம்புவதாக ஏற்பாடு. நாலு மணிக்குக் கார் வந்துவிட்டது. அண்ணனுக்கு முடிய இன்னும் அரை மணி இருந்தது. அவன் வாயைச் சற்றே திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"எழுப்பிச் சொல்லிட்டுப் போம்மா. இல்லன்னா வருத்தப்படுவாரு" என்றாள் அண்ணி.

எழுப்பவில்லை. கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்தார். இயந்திரத்தில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன.

கொஞ்ச நேரத்தில் அவனே கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் கிளம்பலியா நீ?"

"ஆங், கிளம்பறேன்" என்றேன்.

அவன் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான். நான் எழுந்திருக்கவில்லை.